தாளில் நின்ற வீடுகள்

கட்டடக்கலை வரலாற்றை ஆராய்வோர் இருவகையான மூலங்களைக் கையாள்கின்றனர். நிலத்தில் நிற்கும் கட்டடத்தை அளந்தும் படமெடுத்தும் அறிவது ஒருவகை. அக்கட்டடத்தை உருவாக்கியவர் விட்டுச்சென்ற பிளான்கள், கைவரைவுகள், கடிதங்கள், கட்டுரைகள், ஓரக்குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றை யார், எப்போது, யாருக்காக, எதற்காகத் தீட்டினர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிப்பது இன்னொரு வகை. பொதுவாசகர் அதிகம் அறியாத இந்த இரண்டாவது வகைக்கும் தனியான நுணுக்கங்களும் பயிற்சியும் உண்டு என்பதையும், இலங்கையின் மலையடிவாரத் தோட்டங்களைப் பொறுத்தவரை அது இன்னும் தொடங்கப்பட வேண்டிய வேலையாகவே இருக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கட்டடம் அழிந்த பின்பும் தாள் எஞ்சக்கூடும் என்பதற்கும், தாளும் எஞ்சாதபோது எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கும் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல ஒரு நல்ல சான்று. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கையின் கரையில் அமைந்த இவ்வூரில்தான், டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' திரைப்படத்துக்காக மரப்பாலம் ஒன்று கட்டப்பட்டு, படத்தின் இறுதிக் காட்சிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று ஆற்றோரத்தில் அதன் அடித்தளங்களை மட்டுமே காண முடிகிறது. படத்தின் பெயர்ப்பட்டியல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹஸ்பண்ட் அண்ட் கம்பனியை ஆலோசனைப் பொறியாளர்களாகக் குறிப்பிடுவதால், சில நிமிடங்களில் அழிவதற்கென்றே எழுப்பப்பட்ட அந்தப் பாலமும் முதலில் கணக்கிட்டு வரையப்பட்ட ஒன்று என்பது தெரிகிறது. ஆற்றங்கரையில் கிடக்கும் அடித்தளத்தைப் பார்ப்பவருக்குப் பாலத்தின் இடம் புலப்படும். அதன் தாங்கு முறையையும், மரம் மரத்தோடு இணைந்த விதத்தையும், பொறியாளர் அஞ்சிய பாரம் எது என்பதையும் வரைபடமே சொல்ல வல்லது. அந்தப் படம் கதையாக்கிய சயாம் இரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் மாண்டனர் என்பதும், திரையில் அவர்களுக்கு இடமில்லாமற் போனதும் இங்கு நினைக்கத்தக்கவை. ஏனெனில் ஓர் ஆவணத்தில் யார் இடம்பெறவில்லை என்ற கேள்வி வரைபட ஆய்வுக்கும் உயிரான கேள்வியாகும்.

வரைபடங்களைப் படிக்கத் தொடங்குமுன் அவற்றின் வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். சுவர்களை இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே கிடையாக அறுத்து மேலிருந்து நோக்கினால் தெரிவதைக் காட்டுவது தரைப்படம். மக்கள் 'பிளான்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதையே கருதுகின்றனர். கட்டடத்தைக் கூரை முதல் அத்திவாரம் வரை செங்குத்தாகப் பிளந்து காட்டுவது வெட்டுத்தோற்றம். வெளியே நின்று ஒரு முகத்தை நேராக நோக்கி வரைவது முகத்தோற்றம். இவை மூன்றிலும் வெட்டுத்தோற்றமே ஆய்வாளருக்கு அதிகம் பேசும் எனலாம். வெயிலும் மழையும் காற்றும் ஒரு வீட்டினுள் எவ்வாறு நுழைய வேண்டும், எவ்வாறு தடுக்கப்பட வேண்டும் என்று வரைந்தவர் எண்ணியது அதில்தான் வெளிப்படும். இனி, ஒரே கட்டடத்துக்கு நோக்கத்தால் வேறுபட்ட பல படங்கள் இருக்கும். வரைந்தவர் தமக்குத் தாமே சிந்தித்துப் பார்த்த கைவரைவு, வீட்டுக்காரரை இணங்கவைக்கத் தீட்டிய படம், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிக்காகக் கொடுத்த படம், மேசனுக்கும் தச்சருக்கும் அளவுகளோடு அனுப்பிய வேலைப்படம், எல்லாம் முடிந்தபின் நூலில் அச்சிடுவதற்காக அழகுற வரைந்த படம் ஆகிய ஐந்தையும் ஒன்றெனக் கொள்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

தாளும் சாட்சி சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மூலப்படம் மெல்லிய ட்ரேசிங் தாளிலோ கஞ்சியூட்டிய துணியிலோ மையால் வரையப்பட்டு அலுவலகத்திலேயே வைக்கப்பட்டது. வேலைத்தளத்துக்கு அதன் படிகள் மட்டுமே போயின. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறைப்படி, இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் மூலப்படத்தை வைத்து வெயிலில் காட்டி நீரில் அலசினால், ஒளி பட்ட இடமெல்லாம் நீலமாகி, மைக்கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். நீல நிறத்தாலேயே 'புளூ பிரிண்ட்' என்ற பெயர் அதற்கு வந்தது. ஆகவே நீலத்தாள் ஒன்று கிடைத்தால், அதற்கு மூலம் ஒன்று வேறெங்கோ இருந்தது என்றும், இந்தப் படி வேலையாட்களின் கைக்குப் போயிருக்கலாம் என்றும் ஆய்வாளர் உணர்கிறார். அதன்மேல் சிவப்புப் பென்சிலால் எழுதிய திருத்தமும், சுண்ணாம்புக் கறையும், நான்காய் மடித்த தழும்பும் அழுக்கென ஒதுக்கத்தக்கவை அல்ல. படம் வேலைக்குப் போனதற்கும், அங்கு ஒருவர் அதனோடு உடன்படாமற் போனதற்கும் அவையே சான்று.

கட்டடக் கலைஞர்களின் எழுத்தை ஆராயும் மரபு நம்மிடம் புதியதன்று. தஞ்சாவூரைச் சேர்ந்தவரும் பெங்களூரில் நீதிபதியாக இருந்தவருமான ராம் ராஸ், மானசாரம், மயமதம் முதலிய சிற்ப சாத்திரங்களை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூலை, அவர் மறைந்தபின் 1834இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி படங்களோடு வெளியிட்டது. வடமொழி அறிந்த பண்டிதருக்குத் தொழிற்சொற்கள் விளங்கவில்லை, தொழில் அறிந்த சிற்பிக்கு வடமொழி தெரியவில்லை என்பதே அவருக்கு நேர்ந்த பெரிய இடர். இருவரையும் சேர்த்துவைத்துப் படித்தே அவர் அதைக் கடந்தார். இரு நூற்றாண்டுகள் கழிந்தும் இத்துறையின் அடிப்படை முறை இதுதான்.

கேகாலையை உள்ளடக்கிய சப்ரகமுவவுக்கும் இத்துறையில் ஒரு பங்கு உண்டு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கலைவரலாற்று அறிஞராக அறியப்படுவதற்கு முன் புவியியலாளராகவே இலங்கையில் பணிபுரிந்தார். 1903 முதல் 1906 வரை கனிம அளவைத் துறையின் இயக்குநராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமம் 1904இல் இனங்காணப்பட்டது சப்ரகமுவவிலிருந்து அவர் கொண்டுவந்த மாதிரிகளிலிருந்தே. கல்லைத் தேடி ஊர் ஊராய்த் திரிந்த அந்த ஆண்டுகளில் கைவினைஞர் சமூகங்களை நேரில் கண்டறிந்த அவர், சிற்ப அளவைகளைக் கூறும் சாரிபுத்திரம் போன்ற ஏட்டு நூல்களையும் சேர்த்துக்கொண்டு, 1908இல் 'மீடியவல் சிங்களீஸ் ஆர்ட்' என்ற பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் பெருமை, ஏட்டையும் அதைக் கையாண்ட கையையும் பிரிக்காமல் படித்ததில் உள்ளது. அளவைச் சூத்திரம் ஒன்று தொழிலாளியின் விரல்வழியே எவ்வாறு கோடாக மாறுகிறது என்பதை அவர் கேட்டறிந்து எழுதினார்.

தற்கால இலங்கையில் இத்துறைக்கு மிக வளமான களமாக விளங்குவது ஜெஃப்ரி பாவாவின் ஆவணக் காப்பகம். 1919இல் பிறந்து, முதலில் சட்டம் பயின்று, பின்னர் லண்டனில் கட்டடக்கலை கற்று 1957இல் தேர்ச்சி பெற்ற பாவா, கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் இணைந்து, 2003இல் மறையும் முன் இந்நாட்டின் கட்டடக்கலையையே மாற்றியமைத்தவர். அவர் மிகக் குறைவாகவே எழுதினார். கட்டடத்தைச் சொற்களால் விளக்குவதைவிட உள்ளே நடந்து அனுபவிக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. எழுத்து அரிதானதால் வரைபடங்களே பெரிதும் பேச வேண்டியவையாயின. அவரது காப்பகத்திலிருந்து 120க்கும் மேற்பட்ட ஆவணங்களைத் தேர்ந்து 2022இல் கொழும்பில் ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது. 'அங்கே நேரில் இருப்பது இன்றியமையாதது' என்று பொருள்படும் அதன் பெயர், வரைபடக் கண்காட்சிக்கு இடப்பட்ட பெயர் என்ற வகையில் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

பாவாவின் பெயரால் அறியப்படும் அழகிய படங்கள் பலவற்றை வரைந்தவர்கள் லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம், அனுர ரத்னவிபூஷண முதலிய இளம் உதவியாளர்கள் என்பது ஆய்வாளர் முதலில் அறிய வேண்டிய செய்தி. சுவருக்குத் தரும் அதே கவனத்தை இப்படங்கள் மரத்துக்கும் தருகின்றன; கிளைவிரிவும் இலைத்திரளும் தனித்தனியே தெரியுமளவுக்கு நுணுகித் தீட்டப்பட்டுள்ளன. ஆயினும் 1986இல் பிரையன் பிரேஸ் டெய்லரின் நூலில் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற படங்களுள் பல, கட்டடம் எழுந்து ஆண்டுகள் சென்றபின் அந்நூலுக்கெனவே வரையப்பட்டவை. அவற்றை வைத்துப் பாவா முதலில் என்ன எண்ணினார் என்று முடிவுகட்ட இயலாது. தம் கட்டடம் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதையே அவை காட்டும். இதேபோல், 1967 முதல் பாவாவின் பங்காளராக இருந்தவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். கூரையின் சுமையும் தூணின் கனமும் கணக்கிடப்பட்ட தாள்கள் அழகுப்படங்களின் புகழுக்குப் பின்னால் மறைந்துவிடுவது இத்துறையின் நெடுநாட் குறைபாடு.

எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது வரைபடமின்றித் தொடங்கிய ஒரு வீடு. நிக்கவரெட்டியாவுக்கு அருகிலுள்ள பொலொந்தலாவைத் தோட்டத்தில் 1960களின் முற்பகுதியில் தோட்ட மேலாளரான துரைக்கு ஒரு பங்களா கட்ட அழைக்கப்பட்ட பாவாவும் அவருடைய டென்மார்க்குப் பங்காளர் உல்ரிக் பிளெஸ்னரும், பெரும் பாறைகள் நிறைந்த ஓரிடத்தைத் தேர்ந்து, கம்பு நட்டுக் கயிறு கட்டித் தரையிலேயே வீட்டை வகுத்தனர் என்பது வரலாறு. அங்கு பாறைகளே சுவராகவும் தூணாகவும் நிற்க, கூரை அவற்றின்மேல் தங்குகிறது. இங்கு மூலப்படம் என்பது தாளில் இல்லை, நிலத்தில் கிடந்த கயிறே மூலப்படம். அதற்கு முன்பே, 1959இல், மஸ்கெலியாவுக்கு அப்பால் அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துக்கும் பாவா ஒரு பங்களாவை வடிவமைத்திருந்தார். இவ்வாறு தோட்டத்துப் பங்களாக்கள் உலகக் கட்டடக்கலை நூல்களில் இடம்பெற்றன.

எழுத்தால் பேசியவர் மினெட் டி சில்வா. கண்டியில் 1918இல் பிறந்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்ணான இவர், பம்பாயில் 1946இல் தொடங்கிய 'மார்க்' இதழின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். தாம் கண்டியில் வடிவமைத்த வீடொன்றைப் பற்றி அவ்விதழில் 1953இல் எழுதியவர். அவருடைய தன்வரலாறு அவர் மறைந்த 1998ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. படங்களும் கடிதங்களும் செய்தித்தாள் துணுக்குகளும் ஒட்டிய பெரிய ஏடுபோல அமைந்த அந்நூல், அவரது கட்டடங்கள் பல சிதைந்தும் இடிந்தும் போன நிலையில், பல ஆய்வுகளுக்கும் முதல் ஆதாரமாகியிருக்கிறது. கண்டி வட்டப்புளுவவில் 1950களில் அவர் வடிவமைத்த அரசாங்க ஊழியர் வீடமைப்புத் திட்டத்தில், பல சமயத்தவரும் பல இனத்தவருமான குடும்பங்களிடம் வினாத்தாள் கொடுத்தும் கூட்டம் கூட்டியும் அவரவர் சமைக்கும் முறை, வழிபடும் முறை, வருமானம், விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அதற்கேற்ப வீட்டு மாதிரிகளை வகுத்தார். வீட்டில் வாழப்போகிறவரின் சொல் வரைபடத்துக்கு முன்னதாக எழுதிவைக்கப்பட்ட இந்த ஆவணமே, இலங்கைக் கட்டடக்கலை எழுத்துகளில் மிக அருமையானது என்று சொல்வதில் மிகையில்லை.

இதன் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கித்துல்கலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமும், ஒற்றை லயமும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்னும் அறையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் மலைநாடெங்கும் எழுந்தன என்றால், அவற்றுக்கும் ஒரு மாதிரிப்படம் இருந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. அப்படத்தில் ஒருவரின் கையெழுத்து இருந்ததாக எந்தக் கட்டடக்கலை நூலும் கொண்டாடுவதில்லை. அதில் வாழப்போகிறவரிடம் எவரும் வினாத்தாள் கொடுக்கவுமில்லை. பங்களாவின் பிளான் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்கப்படும் நாட்டில், பல தலைமுறைகள் பிறந்து வாழ்ந்து மாண்ட காம்பராவின் பிளான் பாதுகாக்கப்படாமல் இருப்பது அறிவுலகுக்கு நேர்ந்த பெருங்குறை. இது திருத்தப்பட வேண்டிய அநீதியும்கூட.

மூலப்படம் கிடைக்காத இடத்தில் ஆய்வாளர் கையாள்வது அளந்து வரைதல் என்னும் முறை. பிளெஸ்னர், பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க ஆகியோர் 1960களில் பழைய வீடுகளையும் விகாரைகளையும் இவ்வாறு அளந்து வரைந்ததன் பயனை 1998இல் வெளிவந்த 'தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் ஆன் ஐலண்ட்' நூலில் காணலாம். லயத்தில் இவ்வேலை இன்னும் நுட்பமானது. அறையின் நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்தால்தான் சுவர் கோணலா நேரா என்பது தெரியும். சுவரின் கனத்தைக் கதவு நிலையில் அளக்க வேண்டும். அதன்பின், முதலில் கட்டியது எது, குடியிருந்தோர் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். மறைத்து அறையாக்கிய இஸ்தோப்பு, பின்புறம் தகரத்தால் இறக்கிய குசினி, மகளின் கலியாணத்துக்கு முன் பலகையால் தடுத்த மூலை, சாமிப்படத்துக்காகச் சுவரில் குடைந்த மாடம் ஆகிய ஒவ்வொன்றும், தம்மைக் கேளாமல் வரையப்பட்ட பிளானைக் குடியிருந்தோர் திருத்தி எழுதிய வரிகள். அவற்றை எந்த ஆண்டில், யாருடைய கையால் செய்தனர் என்பதை அந்தக் காம்பராவின் மூத்தவர்களிடம் கேட்டுப் படத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்வதே முறை. அப்போது அந்தப் படத்துக்கு ஆசிரியர் பெயரும் கிடைத்துவிடுகிறது.

தோட்ட அலுவலக அலுமாரிகளிலோ, பழைய கணக்கப்பிள்ளை வீட்டுப் பெட்டியிலோ, ஸ்டோர் கட்டடத்தின் இயந்திரப்படங்களுக்கு இடையிலோ இத்தகைய தாள்கள் இன்னும் கிடக்கக்கூடும். மழையும் ஈரமும் மிகுந்த இப்பகுதியில் பூஞ்சணமும் கறையானும் அவற்றுக்குப் பகை. கிடைத்த தாளைச் சுருட்டிக் கட்டாமல் தட்டையாக வைத்தல் வேண்டும். கிழிசலைப் பசைநாடாவால் ஒட்டுதலும், பாதுகாப்பென எண்ணி லேமினேட் செய்தலும் தாளை மீட்க முடியாதபடி கெடுக்கும். நீலத்தாள் வெளிச்சத்தில் வெளுப்பதால் சுவரில் மாட்டக் கூடாது. முதலில் இருபுறத்தையும், வெறுமையாகத் தோன்றும் பின்புறத்தையும் சேர்த்தே, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில் எந்தப் பெட்டியில் எந்தத் தாளுக்கு அடியில் அது கிடந்தது என்பதையும் எழுதிவைத்த பின்னரே அதை இடம்பெயர்த்தல் வேண்டும்.