நாடித்துடிப்பின் உச்ச எல்லை

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் திரியும் மரநிழலினூடே சுவாமி மலைக்கு ஏறும் வழி எம்மூரவர்க்கு நன்கு பழகியது. வெள்ளிதோறும் அவ்வழியே கோணேசர் தரிசனத்துக்கு நடந்து செல்லும் எம் நண்பர், எம்மைப்போல் ஓர் ஆசிரியர், நாற்பத்தாறு வயதினர், சென்ற ஆண்டு அந்நடையைத் திடீரென நிறுத்திவிட்டார். காரணம் வினவினோம். மாணவர் சிலரோடு போட்டியிட்டு விரைந்து ஏறினாராம். மகன் வாங்கித் தந்த புதுவகைக் கைமணிக்கூடு நிமிஷத்துக்கு 180 துடிப்பு எனக் காட்டியதாம். தம் வயதுக்கு உச்சம் 174 என்று அவர் படித்திருந்தார். எல்லையைக் கடந்துவிட்டோமென அஞ்சி வீட்டோடு அமர்ந்துவிட்டார்.

அந்த 174 எங்கிருந்து வந்தது? 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண் அது. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பாக்ஸும் வில்லியம் ஹாஸ்கலும் 1970ஆம் ஆண்டளவில் பலருடைய ஆய்வு முடிவுகளை ஒன்றுசேர்த்து, அவற்றினூடே உத்தேசமாக வரைந்த கோட்டிலிருந்து பிறந்த கணக்கே இது. 2001இல் தனகா என்பவரும் அவருடைய சகாக்களும் 351 ஆய்வுகளை ஆராய்ந்து, வயதை 0.7ஆற் பெருக்கி 208இலிருந்து கழிப்பதே பொருத்தமெனக் கண்டனர். நாற்பது வயதில் இரண்டும் 180 என ஒத்துப்போகின்றன. அறுபதிலோ முன்னையது 160, பின்னையது 166. எதைக் கைக்கொண்டாலும், தனி ஒருவரின் உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலோ கீழோ இருத்தல் வெகு சாதாரணம். நண்பர் கண்ட 180 அந்த இடைவெளிக்குள் அடங்குவதே. வியர்வையாலும் கை அசைவாலும் அவ்வகை மணிக்கூடுகள் பிழையாகக் காட்டுவதும் உண்டு.

வீட்டிலேயே நாடியை அறிய விரும்புவோர் முதலில் ஐந்து நிமிஷம் அமைதியாக அமர்க. பெருவிரலின் அடிப்பக்கத்து மணிக்கட்டில் மற்ற விரல்களை மெதுவாக வைத்து, முப்பது விநாடி எண்ணி இரட்டிக்க. (நம் நாட்டு வைத்தியர் மூவிரல் வைத்து வாதம், பித்தம், சிலேற்பனம் என நாடியின் நடையை அறிவர், இங்கு வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. நாடியை எண்ணுவதற்கென ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தை இங்கிலாந்து வைத்தியர் ஜோன் பிளோயர் 1707இலேயே பயன்படுத்தினார்.) பின்னர் வாசற்படி ஒன்றில் ஏறி ஏறி இறங்குக. ஓரடி உயரப் படியில் நிமிஷத்துக்கு 24 தடவை, மூன்று நிமிஷம் என்பது வழக்கமான சோதனை. பழக்கமில்லாதார் தாழ்ந்த படியில், மூச்சு வாங்காமற் பேசக்கூடிய வேகத்தில் தொடங்குவதே நன்று. முடிந்தவுடன் அமர்ந்து மீண்டும் எண்ணுக.

இந்த எண் உச்சத்தைக் காட்டுமா? காட்டாது. ஏணியில் எத்தனை படி ஏறினோம் என்பது தெரியும். கூரை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது தெரியாது. உச்சத்தை நேரிற் காண்பதற்கு, இயன்றமட்டும் கடுமையாக உழைக்கச் செய்து வைத்தியர் மேற்பார்வையில் அளக்க வேண்டும். வீட்டில் நமக்குப் பயன்படுவது வேறொன்று: அதே படியில், அதே வேகத்தில், சில வாரப் பயிற்சிக்குப்பின் எண்ணிக்கை குறைந்தால் தேகம் தேறுகிறதென்று கொள்ளலாம். வேளையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கச்சான் காற்று அனலாய் வீசும் நண்பகலில் எண்ணினால் நாடி கூடுதலாகவே இருக்கும்.

மிதமான நடைக்குக் கணித்த உச்சத்தில் நூற்றுக்கு 64 முதல் 76 வரை போதும் என்பர். நண்பருக்கு அது ஏறத்தாழ 111 முதல் 132 வரை. இருதய நோயுள்ளோரும், இரத்த அழுத்தத்துக்கென நாடியைத் தணிக்கும் மருந்து உட்கொள்வோரும் இக்கணக்குகளை நம்பலாகாது, வைத்தியரைக் கேட்க. நெஞ்சுநோ, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்துக. அதன்பின்னும் நெஞ்சுநோ தணியாவிடின், நாடியை எண்ணிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு விரைக.

நண்பரை நாமே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். சோதித்த அவர் குறை ஏதும் காணவில்லை. ஆறுதலாக ஏறும்படி மட்டும் சொன்னார். இப்போது வெள்ளி மாலைகளில் நண்பர் மறுபடி மலையேறுகிறார். பாதி வழியில் ஒருமுறை நின்று, கடலைப் பார்த்தபடி மூன்று விரலால் நாடியை எண்ணுகிறார். மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பதால், விநாடி பார்ப்பதற்கு எம் மணிக்கூட்டைத்தான் கேட்கிறார்.