மற்போர்ப் பெயர்களும் காண்போர் உள்ளமும்

ஒரு கலையின் பெயர் அதன் இயல்பை மட்டும் உணர்த்துவதன்று. மக்கள் அதன்பால் ஈடுபட்ட வழியையும் உணர்த்தும். மற்போர் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டியமைந்த தோல் தொழில் நகரங்களில், மற்போர் என்னும் ஏட்டுச் சொல்லும், குஸ்தி என்னும் தெருச் சொல்லும், டபிள்யூ.டபிள்யூ.எப். என்னும் எழுத்துத் தொகையும் இன்று ஒருங்கே வழங்குகின்றன. இம்மூன்றும் மூவேறு காலத்துக் காண்போரை நமக்குக் காட்டுவன. அவற்றை முறையே ஆராய்வோம்.

மல் என்பதற்கு வலிமை என்றும் மற்போர் என்றும் பொருளுண்டு. 7ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனச் சிறப்பிக்கப் பெற்றான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவனுக்குப் பன்னூறாண்டு முற்பட்ட சோழன் ஒருவனோ, போரவைக்கோப்பெருநற்கிள்ளி என வழங்கப்பெற்றான். போரவை என்பது மற்போர்க்குரிய அவை எனக் கொள்ளின், களத்தின் பெயரே வீரன் பெயரின் முன்னடையாயிற்று எனலாம்.

அவன் முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்று 80ஆம் பாட்டில் பாடினார். ஒரு கால் பகைவன் மார்பை அழுத்த, மறுகால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைத்த நிலையைப் புலவர் நுணுகிக் கூறுகின்றார். தந்தையாகிய தித்தன் மகிழினும் மகிழாதொழியினும் இக்காட்சியைக் காணவேண்டும் என்பது அவர் விழைவு. (ஆமூர் என்னும் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு, அதனை இன்றைய ஆம்பூர் எனத் துணிதல் பொருந்தாது.)

நக்கண்ணையார் பாடிய 85ஆம் பாட்டு இன்னும் கருதத்தக்கது. வெற்றி அவனதே என்பார் ஒரு சாரார். அன்று என்பார் மற்றொரு சாரார். இருசாரார் சொல்லும் செவிப்படத் தலைவி விரைந்து சென்று, பனை மரத்தைச் சார்ந்து நின்று, அவன் வெற்றியைத் தன் கண்ணாற் காண்கின்றாள். காண்போர் கட்சி பிரிந்து வழக்காடும் இயல்பு புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, குஸ்தி, பயில்வான், வஸ்தாது என்னும் சொற்களைக் காண்போம். குஸ்தி, பாரசீகத்திலிருந்து வந்தது. பஹ்லவான் என்னும் பாரசீகச் சொல் பயில்வான் ஆயிற்று. ஆசானைக் குறிக்கும் உஸ்தாத் என்பது வஸ்தாது ஆயிற்று. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் தோல் தொழில் நகரங்களில், இவை அயன்மைச் சொற்களாக அன்றி அண்டை வீட்டுச் சொற்களாகவே விளங்குகின்றன. பயில்வான் என்பதைக் கேட்கும் தமிழ்ச் செவி, 'பயில்' என்னும் வினையை அதனுள் உணர்தலும் இயல்பே. வேர் அதுவன்றாயினும், நாள்தோறும் பயில்பவனுக்கு அப்பெயர் நன்கு பொருந்துகின்றது. மற்களத்தைக் குறிக்கும் கோதா என்னும் சொல்லோ களத்தைக் கடந்து, தேர்தற் கோதாவில் இறங்குதல் என அரசியல் வழக்கிலும் புகுந்துவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் கலையின் பெயரினும் வீரர் பெயரே முந்திற்று. தாராசிங் (1928–2012), கிங்காங் என்னும் இருவர் பெயரும் தமிழ் வழக்கில் பொதுப்பெயர் போலாயின. வலிமை பேசுவானை நோக்கி, 'நீ என்ன பெரிய தாராசிங்கா?' என வினவுதல் இன்றும் கேட்கப்படும்.

1990களில் தொலைக்காட்சியோடு அமெரிக்க நிறுவனப் பெயர் வந்தது. வீரர்தம் உயரம், எடை, தரவரிசை முதலியன அச்சிட்ட விளையாட்டுச் சீட்டுகளாலும் சிறுவர் பலர் ஈடுபாடு கொண்டனர். போரைக் காணுமுன்னரே பெயரை மனப்பாடம் செய்தாரும் உளர். 1963இல் உலகளாவிய மற்போர்க் கூட்டமைப்பு என்னும் பொருள்படும் பெயரைக் கொண்டிருந்த அந்நிறுவனம், 1979இல் அதனைச் சுருக்கி டபிள்யூ.டபிள்யூ.எப். ஆயிற்று. அதே எழுத்துகளைக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு நேர்ந்த வழக்கின் விளைவாக, 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என மாறிற்று. கூட்டமைப்பைக் குறித்த ஈற்றெழுத்து நீங்கிக் கேளிக்கையைக் குறிக்கும் எழுத்து அவ்விடம் பெற்றது. முடிவு முன்னரே வகுக்கப்பட்ட ஆட்டம் என்னும் உண்மையைப் பெயரே ஒப்புக்கொண்டது போலாயிற்று. ஆயினும், பழைய பெயரால் உள்ளே புகுந்தவர் பலர் இன்றும் பழைய பெயரையே சொல்கின்றனர். அது பிழையன்று, தாம் புகுந்த வாயிலை அவர் மறவாமையே அது.

எனவே, இச்சொற்களுள் மல் ஒன்றையே கொண்டு, ஏனையவற்றை அயற்சொல்லென ஒதுக்குவோமாயின், தூய்மை ஓரளவு கிட்டலாம். வரலாறு பெரிதும் இழக்கப்படும். மற்போர் என்பதை நூல்களில் பேணுவோம். குஸ்தியையும் பயில்வானையும் அகராதிகளில் வேரும் இடமும் குறித்துப் பதிவு செய்வோம். பாலாற்றங்கரைத் தெருக்களில் இச்சொற்களை வழங்கும் முதியோர் உள்ளபோதே இப்பணி நிகழ்தல் வேண்டும். பனை மரத்தைச் சார்ந்து நின்றவளின் ஆர்வத்தைப் பாட்டு ஒன்று காத்துத் தந்தது. ஏனையோர் ஆர்வத்தைக் காக்கச் சொற்களே உள்ளன.