அறுவடைக் காலப் புகையும் வயல் வைக்கோலும்

மாசி மாதம் பிறந்ததும் வவுனியா நகரைச் சூழ்ந்த குளங்களின் கீழ்க் காலபோக நெல் அறுவடை தொடங்கிவிடும். பகலில் அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேற, மாலையில் ஆங்காங்கே வைக்கோலுக்குத் தீ மூட்டப்படும். மறுநாட் காலை ஆறு மணிக்கு வவுனியாக்குளத்து அணைக்கட்டில் நின்று நோக்குவோர்க்கு, நகரின் கூரைகளின் மேல் வெண்ணிறப் படலமொன்று தங்கி நிற்பது தெரியும். அதனைப் பனி என்று கூறிச் செல்வாருமுளர். பனியும் உண்டு, எனினும் மூக்கில் ஏறும் கருகல் மணம் பனிக்கு இல்லை.

இப்புகை மேலெழுந்து கலைந்துவிடாததற்குக் காரணம் யாது? மழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களில் வானம் தெளிந்திருத்தலால், பொழுது சாய்ந்ததும் நிலம் விரைந்து குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய வளியும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதன்மேல் வெப்பமான வளி ஒரு மூடிபோற் படிகிறது. கடற்கரையினின்று தொலைவிலுள்ள நகராதலின் கடற்காற்றின் உதவியும் எமக்குக் குறைவு. தீ அயல் வயலுக்குப் பரவாதிருக்கும்பொருட்டுக் கமக்காரர் காற்றடங்கிய மாலையையே தெரிவு செய்கின்றனர். தீயைக் கட்டுப்படுத்த அது உகந்த வேளைதான். புகை வெளியேறுவதற்கோ அதனினும் தீய வேளை வேறில்லை. மறுநாள் வெயில் ஏறி நிலம் சூடாகும்வரை புகை அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் நேரமும் அதுவே.

வைக்கோற் புகையின் துகள்களுட் பெரும்பாலானவை 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறியன. அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இவற்றை மூக்கு தடுப்பதில்லை. சுவாசப்பையின் நுண்ணறைகள் வரை செல்கின்றன. ஒரு கனமீற்றர் வளியில் இத்துகள் 24 மணித்தியாலச் சராசரியாக 15 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவித்தது. இலங்கையின் சட்ட எல்லை 50 ஆகும்.

ஆண்டு முழுவதும் எமது வளி ஒரே தன்மையதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை அதனைக் கழுவிவிடும். ஆவணியிற் சோழகக் காற்று புழுதியை எழுப்பினும் புகையைத் தங்கவிடாது. ஆதலின் சிறுபோக வைக்கோற் புகை அத்துணைத் துன்பந் தருவதில்லை. வாடைக் காற்றோ சில வேளை இந்தியாவின் புகையையும் சுமந்து வரும். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில் நாட்டின் பல பாகங்களில் வளி கெட்டு, 9 ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அப்புகையை நாம் தடுத்தல் இயலாது. மாசிப் புகை அவ்வாறன்று. அது எமது கையாலேயே மூட்டப்படுவது.

சென்ற காலபோகத்தின்பின் முதிய கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். முதல் நாள் மாலை தம் இரண்டு ஏக்கரில் ஒன்றை எரித்திருந்தார். அன்றிரவே தொய்வு வருத்தமுள்ள அவர் பேரப்பிள்ளைக்கு மூச்சு முட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. “தம்பி, எரிக்காமல் என்ன செய்யிறது? வைக்கல் உழவு மெசினிலை சுத்துது” என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களத்திற் போராகக் குவிந்து மாட்டுக்குப் பயன்பட்டது. இன்று இயந்திரம் அதனை வயலில் வரிசை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. எனவே கமக்காரரைக் குறை கூறுவதால் மட்டும் பயனில்லை.

ஆயினும் எரிவது எவ்வளவு என்பதைக் கணக்கிடுக. நெல்லின் நிறைக்கு ஏறத்தாழச் சமமான வைக்கோல் விளையும்; ஏக்கருக்கு 50 புசல் கண்ட வயலில் சுமார் 1,000 கிலோ கிடக்கும். அதில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசன் உண்டு. அது 11 முதல் 17 கிலோ வரையான யூரியாவுக்குச் சமன். எரித்தால் அது ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொட்டாசியத்திற் பெரும்பங்கு சாம்பலில் எஞ்சும். எனினும் சாம்பல் வயலெங்கும் பரவாது வரிசை வழியே கிடந்து, மழை நீருடன் வாய்க்காலுக்குச் செல்லும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது பட்ட பாட்டை எவரும் மறந்திரார்.

அறுவடை முடிந்து மண்ணில் ஈரம் காயுமுன், வரிசைகளை முட்கரண்டியாற் கலைத்து வயலெங்கும் சமமாகப் பரப்பி, ஆழமின்றி உழுதுவிடுக. பரப்பாத வைக்கோலே இயந்திரத்திற் சுற்றுவது. உழுது மூன்று வாரமேனும் செல்லுமுன் விதைத்தலாகாது. உக்கும் வைக்கோல் மண்ணின் நைதரசனைத் தற்காலிகமாக ஈர்த்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கும். ஈரம் இல்லையேல் பரப்பியபடியே மழைவரை விடலாம். அல்லது மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடலாம்.

மாடு வளர்ப்போர் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் இறுக மூடி ஒன்பது பத்து நாள் வைத்தெடுத்தால், சத்துயர்ந்த தீனி கிடைக்கும். நெடி போகுமட்டும் ஆறவிட்டே கொடுக்கவேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடித்தால் இறந்துவிடும். கன்றுகளுக்கு இத்தீனி வேண்டாம்.

களைநெல் ஒழிய எரிக்கவேண்டும் என்பாருமுளர். மேலே கிடக்கும் விதை சில கருகலாம். மண்வெடிப்பினுள் விழுந்தவை தப்பிவிடும். நீர் கட்டி முளைக்கவிட்டு உழுதழித்தலே மேலென்பது என் கருத்து.

அம்முதியவர் எஞ்சிய ஓர் ஏக்கரை எரியாது பரப்பி உழுதார். இயந்திரம் திரும்பிய மூலைகளில் வைக்கோல் குவியலாகக் கிடந்தமையால் இரண்டிடத்திற் சிக்கியது. இம்முறை அறுவடைக்குப் பேசும்போதே, மூலைகளிற் கொட்டாது ஓடவேண்டுமெனச் சாரதியிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார்.