விடுபட்ட பேரெண்

செட்டிநாட்டின் ஊர்களுள் ஒன்று கண்டனூர். அவ்வட்டாரத்து நகரத்தார் முற்காலத்தில் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். பேரேட்டில் எழுதிய கணக்கை ஐந்தொகை எடுத்துச் சரிபார்ப்பது அவர்கள் மரபு. எழுதியவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் கணக்குக்குச் சரிபார்ப்பு வேண்டும் என்பதே அம்மரபின் கருத்து.

அக்காலத்து ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. அதை மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 64 பை மிச்சமின்றிக் கிடைக்கும். 1957ஆம் ஆண்டில் வந்த நூறு பைசா ரூபாயை அவ்வாறு மூன்றாகப் பகுத்தல் இயலாது. 100க்குக் காரணிகள் ஒன்பதே; 192க்கோ பதினான்கு.

தன்னினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகளையுடைய எண்ணை உயர் பகு எண் என்பர். 12 அத்தகையது. அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915ஆம் ஆண்டில் இவ்வெண்களைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. கணிப்பொறி இல்லாத அந்நாளில் இஃது அரும்பெரும் உழைப்பாகும்.

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. அஃது உயர் பகு எண்ணே. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

அதன் காரணிகளை எண்ணும் வழி எளிது. 12 என்பது 2×2×3. இதில் 2ஐ எடுக்காமலும், ஒருமுறையும், இருமுறையும் எடுக்கலாம். அவை மூன்று வழிகள். 3ஐ எடுக்காமலும், ஒருமுறையும் எடுக்கலாம், அவை இரண்டு. மூன்றை இரண்டாற் பெருக்க ஆறு காரணிகள் வரும். விடுபட்ட எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 ஆறுமுறையும், 3 நான்குமுறையும், 5, 7 ஆகியவை இருமுறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒருமுறையும் வரும். ஆகவே 7×5×3×3×2×2×2×2 = 5,040 காரணிகள். அவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கிறது! 23 புதிய பகா எண்ணாதலின் காரணிகள் இரட்டித்து 10,080 ஆகின்றன.

ஓர் எண் விடுபட்டதால் இராமானுசனின் பெருமை குன்றிவிடவில்லை. கண்டனூருக்கு அருகிலுள்ள கோட்டையூரிற் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1950ஆம் ஆண்டில் சென்னையில் அம்மேதையின் பெயரால் ஒரு கணித நிலையம் நிறுவினார். மேதையைப் போற்றுதல் வேறு. அவர் கணக்கைச் சரிபார்த்தல் வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கணிதத்தில் எழுதியவர் பெயர் சான்றாகாது, சரிபார்ப்பே சான்று. அதைச் செய்ய ஒரு தாளும் எழுதுகோலும் பொறுமையும் உடைய எந்த மாணவர்க்கும் உரிமை உண்டு.