கோட்டைக்குப் போலாம்... ஆனா எத்தனை படி?

காரைக்கால் பக்கத்துல விழிதியூர்ல இருந்து பேசுறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பைக் விபத்துல என் வலது முழங்கால் போயிடுச்சு. கொஞ்ச தூரம்னா கைத்தடி, நிறைய தூரம்னா வீல்சேர். ஆனா பழைய கோட்டைகளைப் பார்க்கிற ஆசை மட்டும் போகல.

விபத்துக்கு அப்புறம் முதல்ல ஒரு கோட்டைக்குப் போனேன். பேர் வேணாம். வாசல்ல பத்துப் படி. என் மாமா பையனும், முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரும் வீல்சேரோட என்னைத் தூக்கிட்டாங்க. நல்ல மனசுதான். ஆனா தூக்கலாமான்னு என்கிட்ட யாரும் கேக்கல. ஒருத்தர் போட்டோ வேற எடுத்தார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் "கால் வலிக்குது"ன்னு பொய் சொல்லி வீட்டுலயே இருந்தேன்.

என்ன கேக்கணும்?

கோட்டை கட்டினதே ஆளை உள்ள விடாம இருக்கத்தான். ஆனா எல்லாக் கோட்டையும் ஒண்ணு இல்ல. செஞ்சி ராஜகிரி உச்சிக்கு மலையேறணும். வேலூர்க் கோட்டை சமதரையில இருக்கு. அதனால "வீல்சேர் போகுமா?"ன்னு பொதுவா கேக்காதீங்க. "வாங்க, தூக்கி விடுறோம்"னு சொல்லிடுவாங்க.

இப்படிக் கேளுங்க: வண்டி எதுவரைக்கும் வரும்? வாசல்ல எத்தனை படி? கைப்பிடி இருக்கா? தரை மணலா, கல்லா? உக்கார நிழல் உண்டா? கழிவறைக்குப் படி ஏறணுமா?

சாய்தளம் இருக்குன்னா அதோட நீளத்தையும் கேளுங்க. ஒரு அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம் வேணும். அரை அடி உயரத்துல மூணு படி இருந்தா, சாய்தளம் 18 அடி. அஞ்சடிப் பலகையைச் சாய்ச்சு வச்சா அது சறுக்குமரம்!

தரங்கம்பாடி

போன மாசம் காரைக்காலைத் தாண்டி, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போனோம். தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கி 1620-ல டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்சது. 1845-ல ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டாங்க. இந்தத் தடவை மாமா பையன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்: "நான் கேட்டா மட்டும் கை குடுடா."

மேல்தளத்துக்கு நான் ஏறல. கவர்னரும் பாதிரியார்களும் தங்கின இடம் அது. அவன் மேல போய் வீடியோ கால்ல காட்டினான். நான் முற்றத்துல உக்காந்து கீழ்த்தளத்தைப் பத்தி யோசிச்சேன். கிடங்கு, சிறை, சிப்பாய்கள் தங்கின இடம் எல்லாம் அங்கதான். எல்லாரும் மேல ஓடினப்போ நான் அரைமணி நேரம் அந்தக் கதையிலேயே இருந்தேன். ஏற முடியலங்கிற வருத்தம் இருந்துச்சு, ஆனா அவமானம் இல்ல. ஏன்னா ஏற வேண்டாம்னு முடிவு பண்ணினது நான்.

அதுக்காக, இருக்கிறதே போதும்னு சொல்லல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 வருஷத்துக்குள்ள எல்லாரும் போற மாதிரி மாத்தணும். விதிகள் வந்தது 2017-ல. கட்டாயத் தரங்களைத் தனியா வகுக்கணும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பழைய சுவரை இடிக்கச் சொல்லல. கழட்டி மாட்டுற சாய்தளம், கைப்பிடி, மேல்தளத்தை வீடியோவா காட்டுற ஒரு திரை... இதெல்லாம் சுவரைத் தொடாமலே செய்யலாம். மெரினா மணல்ல 2022-ல மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, அப்புறம் சரி பண்ணினாங்க. செய்யணும்னு நினைச்சா மணல்லயும் வழி போடலாம்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. அடுத்து எந்தக் கோட்டைக்குப் போனாலும் படிகளை எண்ணி, வாசலை ஒரு போட்டோ எடுத்து, கூகுள் மேப்ஸ்ல போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. என்னை மாதிரி ஒருத்தர் அதைப் பார்த்துட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!