காட்டை நாடும் பயணிகளும் ஊரை நாடும் யானைகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய ஊடாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 பிரதான வீதி, கல்முனை நகரின் கடைத்தெருவை ஊடறுத்துச் செல்கின்றது. அதே வீதியில் தெற்கே பயணித்து, பொத்துவிலைத் தாண்டி மேற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் லாகுகல வனம் தொடங்கிவிடும். வரட்சியான மாதங்களில் அங்குள்ள குளத்தின் புல்லை மேய இறங்கும் யானைக் கூட்டங்களை வீதியில் நின்றவாறே காணக்கூடிய நாட்கள் உண்டு. அதைக் காண்பதற்கென்றே கடல் கடந்து வருவோர் பலர். கரையோர ஊர்களில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கின்றோம்?

தொலைதூரக் காடுகளையும் வனவிலங்குகளின் வாழிடங்களையும் நாடிச் செல்லும் சாகசப் பயணம் இன்று உலகளாவிய ஒரு பெரும் தொழிலாக வளர்ந்துள்ளது. அமேசன், போர்னியோ, கொங்கோ எனப் பயணிகள் அலைகின்றனர். இலங்கையில் மழைக்காடு என்றதும் நினைவுக்கு வருவது, 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவினால் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சிங்கராஜ வனமாகும். அது ஆண்டு முழுவதும் மழை பெறும் தென்மேற்கு ஈர வலயத்தைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டக் காடுகளின் இயல்பு வேறு. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் சில மாத மழையை நம்பியே இவை வாழ்கின்றன. மழை ஓய்ந்தபின் குளங்களும் வில்லுகளும் களப்புகளுமே விலங்குகளுக்கு உயிர்நாடி. நீர் எங்கு எஞ்சியிருக்கின்றதோ அங்கு விலங்குகள் கூடும். இப்பகுதிக் காட்டைப் புரிந்துகொள்வதற்கான முதற்பாடம் இதுவே.

சமுத்திரத்தில் நீந்தும் யானைகள்

தமிழில் பட்டிப்பளை ஆறு என வழங்கப்படும் கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் அமைக்கப்பட்டதே சேனாநாயக்க சமுத்திரம். சுதந்திரத்தின் பின்னர் இந்நாடு மேற்கொண்ட முதலாவது பாரிய பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்தின் மையம் இந்நீர்த்தேக்கமாகும். அதன் நீரேந்து பிரதேசத்தைப் பாதுகாக்கும் நோக்கில் 1954இல் கல்லோயா தேசிய பூங்கா உருவாக்கப்பட்டது. அதன் பரப்பளவு 25,900 ஹெக்டேயர். ஏனைய பூங்காக்களில் ஜீப் வண்டிகளில் ஏறிச் செல்வோர் இங்கு படகில் செல்லலாம். நீர்த்தேக்கத்தினுள் உள்ள தீவுகளுக்கிடையே யானைகள் நீந்திச் செல்வதே இப்பூங்காவின் தனிச்சிறப்பு. நாட்டு வைத்தியத்தில் திரிபலை எனச் சேர்த்துக் கூறப்படும் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் இதன் புல்வெளிகளில் வளர்கின்றன. வேடர் சமூகத்தின் பூர்வீக வாழிடங்களும் இவ்வனத்தை அண்டியே இருந்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். சம்மாந்துறை, கல்முனை, நிந்தவூர் வட்டைகளில் வேளாண்மை செய்வோர் பாய்ச்சும் நீரும் இந்தச் சமுத்திரத்தின் நீரே. காடு அழிந்து மண் அரித்து நீர்த்தேக்கத்தில் படியுமாயின், அதன் விளைவை முதலில் உணர்பவர் சுற்றுலாப் பயணி அல்லர். நமது சிறுபோக விவசாயியே.

பூட்டப்பட்டுத் திறந்த வனம்

பாணமைக்குத் தெற்கே, குமுக்கன் ஆற்றை எல்லையாகக் கொண்டது குமண தேசிய பூங்கா. முன்னர் கிழக்கு யால என அழைக்கப்பட்ட இது யுத்தம் காரணமாக 1985இல் மூடப்பட்டு 2003இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இங்குள்ள குமண வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புடையது. நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் மே முதல் யூலை வரையான காலத்தில் இங்கு பெருந்தொகையாகக் கூடு கட்டுகின்றன. கதிர்காம உற்சவ காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து கால்நடையாக வரும் அடியார்கள் உகந்தை முருகன் ஆலயத்தில் தங்கி இவ்வனத்தினூடாகவே பாதயாத்திரை செல்கின்றனர். சாகசப் பயணம் என்ற சொல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நடந்துவரும் வனப்பயணம் இது.

பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்கள் பயணிகளைத் தோணிகளில் ஏற்றிக் கண்டல் காடுகளைக் காட்டுகின்றனர். இயந்திர ஓசையற்ற இப்பயணத்தில் செலுத்தும் கட்டணம் அவ்வூரிலேயே தங்குவதும் அதன் சிறப்பாகும்.

எனினும் காடு விளையாட்டு மைதானம் அன்று. 2017 செப்டெம்பரில் அறுகம்பைக்கு அண்மையில் நீர்நிலையொன்றின் ஓரத்தில் நின்ற பிரித்தானிய இளம் ஊடகவியலாளர் ஒருவர் முதலைக்கு இரையானார். பழக்கமற்ற நீர்நிலைகளில் கை கால் கழுவவும் இறங்கலாகாது, யானையைக் கண்டால் வாகனத்தைவிட்டு இறங்கலாகாது, அதற்கு உணவு வீசலாகாது என்பன உயிரோடு தொடர்புடைய விதிகளாகும். புத்தள - கதிர்காமம் வீதியில் பயணிகள் இரக்கத்துடன் கொடுத்த பழங்களுக்குப் பழகிய யானைகள், பின்னர் வாகனங்களை மறித்து உணவு தேடத் தொடங்கியமை யாவரும் அறிந்ததே.

பள்ளக்காடு கூறும் செய்தி

இவ்வளவு வனச்செல்வம் நிறைந்த மாவட்டத்தின் பெயர் 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் இடம்பெற்றது வேறொரு காரணத்தினாலாகும். கரையோரத்தை அண்டிய பள்ளக்காடு குப்பை மேட்டில் உணவு தேடிப் பிளாஸ்டிக்கை விழுங்கிய சுமார் 20 யானைகள், எட்டு ஆண்டுகளுள் மடிந்திருந்தன. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கு கொட்டப்பட்டு வந்தது. அம்மேட்டைச் சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதடைந்த பின்னர் திருத்தப்படவில்லை. பொலித்தீன் பைகளும் உணவு சுற்றிய தாள்களும் யானையின் குடலை அடைத்துவிடுகின்றன. அதன்பின் அது உண்ணவும் இயலாமல் நீர் அருந்தவும் இயலாமல் உயிர்விடுகின்றது. அந்த உணவுப் பொதி காட்டில் முளைத்ததன்று. கரையோர ஊர்களின் வீடுகளிலும் உணவுக் கடைகளிலும் திருமண மண்டபங்களிலும் சுற்றப்பட்டதாகும்.

யானைகள் ஊருக்குள் வருவதன் துயரம் இருபக்கமும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் காட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். அறுவடைக்கு நாட்களே உள்ள நெல்லை ஒரே இரவில் இழந்த விவசாயியிடமும், வயற்காவலுக்குச் சென்ற கணவனை இழந்த பெண்ணிடமும் யானையின் அழகைப் பேசிப் பயனில்லை. அவர்களது இழப்புக்குரிய நட்டஈடு காலதாமதமின்றிக் கிடைப்பதே வனப்பாதுகாப்பின் முதற்படியாகும்.

2020இல் நியமிக்கப்பட்ட நிபுணர் குழு தயாரித்த தேசிய செயற்றிட்டம் தெளிவானதொரு வழியைக் காட்டியது. காட்டின் நடுவே வேலி அமைத்து யானைகளை அடைக்க முனைவதைவிட, ஊர்களைச் சுற்றி நிரந்தர மின்வேலியும் வயல்களைச் சுற்றிப் பயிர்க்காலத்திற்குரிய வேலியும் அமைப்பதே பயனளிக்கும் என்பது அதன் சாரமாகும். அறுவடை முடிந்ததும் வயல்வேலி அகற்றப்பட, வைக்கோலையும் புல்லையும் யானை மேய்ந்து செல்லும். வேலியைப் பராமரிக்கும் பொறுப்பும் பயனாளிகளான ஊர்மக்களிடமே இருக்கும்.

கரையோர உள்ளூராட்சி சபைகள் தமது குப்பையைத் தரம்பிரித்துப் பசளையாக்கவும், கொட்டும் இடங்களின் வேலிகளைப் பழுதின்றி வைத்திருக்கவும் இனியும் தாமதிக்கலாகாது. நமது பாடசாலைகள் ஆண்டுதோறும் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் மாணவரை அழைத்துச் செல்கின்றன. ஒரு முறையேனும் இங்கினியாகலைக்கோ லாகுகலவுக்கோ அழைத்துச் செல்லட்டும். பறவைகளின் பெயரும் யானையின் இயல்பும் அறிந்த வழிகாட்டிகளாக நமது இளைஞர்கள் பயிற்றப்பட்டால், வெளிநாட்டு வேலையொன்றே கதி எனக் காத்திருப்போர் சிலருக்காவது சொந்த மண்ணில் தொழில் கிட்டும். பயணம் செல்வோரும் கொண்டு சென்ற பொதியின் உறையைத் திரும்பக் கொண்டுவந்து, ஊரில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பள்ளக்காட்டு யானைகள் மடிந்தது அந்த உறையினாலேயே.