உடல்நலக் குறைக்காகப் பகடிவதைக்கு ஆளாகும் மாணவர்: ஆசிரியர் என்ன செய்யலாம்?



படிவம் ஒன்று மாணவி ஒருத்தி. என் தமிழ்ப் பாடப் பதிவில் செவ்வாய்க்கிழமை தோறும் அவள் பெயருக்கு நேரே வெற்றுக் கட்டம். ஒரு வாரம் காய்ச்சல், மறு வாரம் வயிற்றுவலி, அடுத்த வாரம் வீட்டில் விசேஷம். வகுப்பாசிரியரிடம் கேட்டுக் கால அட்டவணையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு உடற்கல்வி. அன்று பாஜு கூரோங் கிடையாது, அரைக்கை விளையாட்டுச் சட்டை போட வேண்டும். போட்டால் முழங்கை மடிப்பு தெரியும். அங்கேதான் அவளுக்குக் கரப்பான்.

(அந்தப் பிள்ளையை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.)

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தபோது அவளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கூடப் படித்தவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே அவள் கையைப் பார்த்துப் பழகியவர்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் பல பள்ளிப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்தார்கள். "குராப்" என்று ஒருவன் ஆரம்பித்தான். தமிழ் வகுப்பில் அது "சொறி" ஆனது. அவள் பயிற்சிப் புத்தகத்தைக் கையால் தொடாமல் அடிக்கோலால் தள்ளிவிட்டார்கள். வகுப்புப் புலனக் குழுவில் அவள் பெயர் வந்தாலே யாராவது ஓர் ஒட்டுப்படம் போடுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்களே, அதுதான்.

கேலிக்கும் பகடிவதைக்கும் என்ன வேறுபாடு?

"சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் பதில். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970ஆம் ஆண்டுகளிலிருந்தே பள்ளிகளில் பகடிவதையை ஆராய்ந்தவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். ஒன்று, புண்படுத்தும் நோக்கம். இரண்டு, அது திரும்பத் திரும்ப நடப்பது. மூன்று, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லாமை.

உடல்நலக் குறை உள்ள பிள்ளைகள் விஷயத்தில் மூன்றாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கரப்பானோ, வலிப்போ, திக்குவாயோ, நீரிழிவோ, அந்தப் பிள்ளை நினைத்தவுடன் அதை மாற்றிக்கொள்ள முடியாது. பதிலுக்குப் பதில் பேசவும் முடியாது. அடிக்கும் கை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பலம் முழுவதும் ஒரு பக்கமே இருக்கிறது.

கரப்பானைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்ட மேற்படிப்பு டிப்ளோமாவில் கல்வி உளவியல் படித்தேன். கரப்பானைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் தேடிப் படித்தேன்.

கரப்பான், மலாயில் எக்ஸிமா, ஒட்டுவாரொட்டி நோய் அன்று. தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே நாற்காலியைப் பயன்படுத்தினாலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வராது. தோலின் மேற்பரப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து, வெளித்தூசியைத் தடுக்கும் ஒரு சுவர் மாதிரி. கரப்பான் உள்ளவர்களுக்கு அந்தச் சுவர் பலவீனமாக இருக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் உள்ள மாற்றம் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். ஆஸ்துமா, அடிக்கடி தும்மல் உள்ள குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படும்.

அரிப்பு வரும், சொறிவார்கள், தோல் இன்னும் புண்ணாகும், அதனால் அரிப்பு கூடும். இது ஒரு சுழல். "சொறியாதே" என்று சொல்வது "தும்மாதே" என்று சொல்வதைப் போலத்தான். இரவில் அரிப்பு கூடுவதால் தூக்கம் கெடும். காலைப் பாடத்தில் அந்தப் பிள்ளை தூங்கி வழிந்தால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்ட வேண்டாம். வியர்வையும் புழுக்கமும் அரிப்பைத் தூண்டும். என் மாணவி கேலிக்குப் பயந்து நீளக்கைக்குள் கையை மறைத்தாள், மறைத்ததால் வியர்த்தது, வியர்த்ததால் கரப்பான் கூடியது.

சிரங்கு வேறு. அது ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. தோலோடு தோல் நெருங்கிப் பழகும் இடங்களில், குறிப்பாக விடுதிகளில், பரவும். விரல் இடுக்கில் அரிப்பு, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் அரிப்பு என்றால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். மருந்து போட்டால் குணமாகிவிடும். சிரங்கு வந்த பிள்ளையையும் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் செய்த இரண்டு தவறுகள்

விஷயம் தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. உடனே வகுப்பில், "இனிமேல் யாராவது அவளைக் கேலி பண்ணினா என்ன நடக்கும்னு பாருங்க" என்றேன். முப்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அதுவரை விஷயம் தெரியாத பிள்ளைகளுக்கும் நானே அறிமுகப்படுத்தி வைத்தேன்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வியர்க்காமல் இருக்கட்டும் என்று காற்றாடிக்கு நேர் கீழே அவளுக்குத் தனி மேசை போட்டேன். நல்ல எண்ணம்தான். மறுநாள் ஒரு மாணவன், "பாத்தியா, டீச்சரே தள்ளி உக்கார வெச்சிட்டாங்க. ஒட்டும்தான் போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் நம்புகிறார்கள். ஒட்டாது என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒட்டும் என்பதற்கு நானே சாட்சி ஆகிவிட்டேன்.

பிறகு செய்தவை

1. தனியாகக் கேட்டேன். ஆசிரியர் அறையில் அல்ல, நூல்நிலைய மூலையில். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியே குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். "செவ்வாய்க்கிழமை வர்றது கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எல்லாரும் பாக்குறாங்க டீச்சர்" என்றாள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்தேன். புலனக் குழுவில் வந்ததைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்தோம். பிறகு கட்டொழுங்கு ஆசிரியரிடம் பேசியபோது இந்தக் குறிப்புதான் உதவியது.

2. பெற்றோரிடம் பேசினேன். அம்மா முதலில் அழுதார். பிறகு, "வெளிய யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர். பொம்பளப் பிள்ள, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சினா பேசுவாங்க" என்றார். இந்தப் பயத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. நம் வீடுகளில் இது உண்மையான பயம். "நீங்களும் மறைக்கச் சொன்னா அவ இது வெட்கப்பட வேண்டிய விஷயம்னு நினைச்சுக்குவாம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். கத்தரிக்காய், கருவாடு, எல்லாம் கரப்பான் பண்டம் என்று அந்தப் பிள்ளைக்குப் பாதி உணவைப் பாட்டி நிறுத்தியிருந்தார். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம், களிம்பையும் மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் போடுங்கள் என்றேன். கிளினிக்கிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

3. என்ன சொல்லலாம் என்பதை அவளே முடிவு செய்தாள். "வகுப்புக்குச் சொல்லவா, யார் சொல்றது, எவ்வளவு சொல்றது?" என்று கேட்டேன். "என் பேரைச் சொல்லாதீங்க. ஒட்டாதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். நோய் அவளுடையது. அதைப் பற்றிய செய்தியும் அவளுடையது. நல்ல எண்ணத்தோடு என்றாலும் அவள் சம்மதம் இல்லாமல் அதை எடுத்துப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை. அதே சமயம், பாதுகாப்புக்காகச் சில ஆசிரியர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

4. பாடமாக நடத்தினேன். இரண்டு வாரம் ஆறவிட்டு, விளக்கக் கட்டுரைப் பயிற்சியில் 'ஒட்டும், ஒட்டாது' என்று ஒரு நடவடிக்கை வைத்தேன். சளிக்காய்ச்சல், சிரங்கு, படர்தாமரை, கரப்பான், ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, கண்வலி என்று அட்டைகள். குழுவாகப் பிரித்து வைக்க வேண்டும், காரணமும் எழுத வேண்டும். கரப்பான் அட்டையைப் பாதிக் குழுக்கள் 'ஒட்டும்' பக்கம் வைத்தன. வலிப்பையும் இரண்டு குழுக்கள் அங்கேயே வைத்தன. யாரையும் திட்டாமல் திருத்தினோம். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளை போதும்.

5. கேலி செய்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தோம். நானும் ஆலோசக ஆசிரியரும். கூட்டமாக நிற்க வைத்தால் ஒருவருக்கொருவர் தைரியம். தனியாக இருந்தபோது ஒரு மாணவன், "மத்தவங்க சிரிச்சாங்க, அதான் டீச்சர்" என்றான். கைகுலுக்கி மன்னிப்புக் கேட்கும் காட்சி எதையும் நடத்தவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை.

6. பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் பேசினேன். பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்தினா சல்மிவல்லியும் குழுவினரும் 1996இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். பகடிவதையில் செய்பவர், பாதிக்கப்படுபவர் மட்டும் இல்லை. கூடச் சேர்பவர், சிரித்து ஊக்கப்படுத்துபவர், ஒதுங்கி நிற்பவர், தடுத்துப் பேசுபவர் என்று வகுப்பில் பலருக்கும் ஒரு பங்கு உண்டு. கனடாவில் பள்ளித் திடல்களில் நடந்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சக மாணவர் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகள் பத்து விநாடிக்குள் பகடிவதை நின்றது. அவளோடு தமிழ்ப்பள்ளியில் படித்த இரண்டு மாணவிகளை அழைத்தேன். "சண்டை போட வேணாம். பக்கத்துல உக்காருங்க, போதும்" என்றேன்.

7. சின்னச் சின்ன வசதிகள். தனி மேசையை எடுத்துவிட்டு அவளுடைய வரிசை முழுவதையும் காற்றாடிப் பக்கம் நகர்த்தினேன். உடற்கல்விக்கு மெல்லிய பருத்தி உள்சட்டை போட அனுமதி வாங்கினோம். வியர்த்த பிறகு கை கழுவிக் களிம்பு போட ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

விஷயம் தீவிரமானால் தாமதிக்க வேண்டாம். பள்ளிக்கு வரவே மறுப்பது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, "நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்பது போன்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆலோசக ஆசிரியரிடமும் மாணவர் நலத் துணை முதல்வரிடமும் சொல்லுங்கள். மலேசியாவில் தாலியான் காசே எனப்படும் 15999 உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

பகடிவதை எஸ்.பி.எம். கட்டுரைக்குப் பழக்கமான தலைப்பு. பெரும்பாலானோர் "பகடிவதையை வேரறுப்போம்" என்று தொடங்கி, பெற்றோர், பள்ளி, அரசாங்கம் என்று வரிசையாக அறிவுரை எழுதி முடிக்கிறார்கள். படிக்கும் ஆசிரியருக்கு நூறு கட்டுரைகளும் ஒரே மாதிரி தெரியும். ஒரே ஒரு வகைப் பகடிவதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படித் தொடங்குகிறது, யார் சிரிக்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று காட்டுங்கள். பிறகு அறிவுரை எழுதினால் அதற்கு வேர் இருக்கும். ஒட்டுவாரொட்டி, தொற்றுநோய், புறக்கணிப்பு, தாழ்வு மனப்பான்மை, பரிவு போன்ற சொற்களைப் பொருள் அறிந்து பயன்படுத்துங்கள். பரிதாபமும் பரிவும் ஒன்றல்ல. பரிதாபம் தள்ளி நின்று பார்க்கும், பரிவு பக்கத்தில் வந்து உட்காரும்.

கடைசியாக

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு அக்டோபரில்கூட ஒருவன் மறுபடி ஆரம்பித்தான். ஆனால் இந்தத் தடவை நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், அது ஒட்டாதுடா. அட்டையில படிச்சோம்ல, மறந்துட்டியா?" வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து அல்ல.

என் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக் கட்டங்கள் இப்போது நிரம்பியிருக்கின்றன. உங்கள் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே கிழமையில் தொடர்ந்து வெற்றாக இருக்கும் கட்டம் ஏதாவது இருந்தால், அந்தப் பிள்ளையைத் தனியாக, மெதுவாக, கேட்டுப் பாருங்கள்.